ஒரு மதிப்பெண் விடை

தமிழின் முதல் பேசும்படம் எது? காளிதாஸ். வெளியான ஆண்டு? 1931. அதில் கதாநாயகியாக நடித்தவர்? டி.பி. ராஜலட்சுமி.

அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மூன்று விடைகளையும் சொல்லிவிடுவார்கள். பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்கு விடியற்காலைப் பேருந்தில் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்களின் மடியில் விரிந்திருக்கும் வழிகாட்டி நூல்களில் இந்தக் கேள்வி உண்டு. நான்கு பெயர்களில் சரியானதற்கு நேரே வட்டத்தைக் கருப்பாக்கினால் ஒரு மதிப்பெண். அதற்கு மேல் அந்தப் பெயரிடம் யாருக்கும் வேலை இல்லை.

அந்த ஒரு மதிப்பெண்ணோடுதான் என் சண்டை. அந்த விடையில் தவறில்லை. சரியான விடையாக இருந்துகொண்டே அது ஒரு பெண்ணின் வாழ்நாள் உழைப்பை விழுங்கிவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு. நாவல் எழுதிய ஒருவரை, சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிய ஒருவரை, தன் கதையைத் தானே படமாக இயக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரான ஒருவரை நாம் ‘முதல் கதாநாயகி’ என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். புகழ்கிறோம் என்ற நினைப்பிலேயே அவரைக் குறுக்கிவிட்டோம்.

*

திருவையாற்றில் பிறந்த ராஜலட்சுமிக்கும் பென்னாகரத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். எங்கள் வட்டத்தில் ஒகேனக்கல் பாறைகளில் விழுந்து எழுந்து போகிற காவிரிதான் கடைசியில் அவருடைய ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஆனால் நான் சொல்லவந்த உறவு ஆற்றின் வழியே வந்ததல்ல. திருமணத்தின் வழியே வந்தது.

1911இல் பிறந்த ராஜலட்சுமிக்கு, விளையாட்டு வயது தீருமுன்பே கல்யாணம் முடித்துவிட்டார்கள். அந்த மணவாழ்க்கை நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். தந்தையும் இறந்துபோனார். கையில் ஒன்றுமில்லாத ஒரு தாயும், வாழாவெட்டி என்று ஊர் பெயர் வைக்கக் காத்திருந்த ஒரு சிறுமியும் மிஞ்சினார்கள்.

இது நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தைத் திருமணம் அதிகம் நடக்கும் இடங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எப்போது பேச்செடுத்தாலும் தருமபுரியின் பெயர் அடிபடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டமும் இதுதான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கு பனியன் வேலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள், வயதுக்கு வந்த பெண்ணை எங்கே விட்டுப்போவது என்று தெரியாமல் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே இருக்கும் கட்டங்கள் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் காரணத்தை ஆசிரியர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ராஜலட்சுமிக்குத் திருமணம் நடந்தபோது அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. சாரதா சட்டம் என்று நாம் சொல்லும் குழந்தை மணத் தடுப்புச் சட்டம் 1929இல் தான் வந்தது. அதிலும் பெண்ணுக்குப் பதினான்கு வயது ஆனால் போதும். இன்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதினெட்டு வயது என்று அது சொல்கிறது. 1098 என்ற எண்ணைச் சுழற்றினால் ஆள் வருவார்கள். சட்டமே இல்லாத காலத்தில் ஒரு சிறுமி அந்தக் கல்யாணத்திலிருந்து வெளியே வந்தாள். சட்டம் இருக்கும் காலத்தில் எங்கள் பெண்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் ராஜலட்சுமியின் வாழ்க்கையைப் பென்னாகரத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

*

இந்த இடத்தில் வழக்கமான கதைசொல்லிகள் வந்துவிடுவார்கள். ‘பாவம், விதி அவளை இப்படி விரட்டியது, நல்லவேளையாகக் கலை கைகொடுத்தது’ என்று தொடங்குவார்கள். நடிகைகளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். முதல் பாதியில் கண்ணீர், நடுவில் ஒரு ஆணின் கருணை, கடைசியில் வறுமை. நடிகனுக்கு எழுதும்போது ‘போராடினார், சாதித்தார்’ என்று வரும் வினைச்சொற்கள் நடிகைக்கு எழுதும்போது ‘வாய்ப்புக் கிடைத்தது, அறிமுகம் செய்யப்பட்டார்’ என்று மாறிவிடும். அவன் செய்கிறான், அவளுக்கு நேர்கிறது.

என்ன நேர்ந்தது என்பதை விட்டுவிட்டு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். தாய் மீனாட்சி மகளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார். இந்தத் தாயைப் பற்றி யாரும் ஒரு பத்திகூட எழுதுவதில்லை. கணவனை இழந்த ஒரு பெண், கணவன் வீட்டிலிருந்து திரும்பிவிட்ட மகளை மூலையில் உட்காரவைக்காமல், நாடகக் கொட்டகைக்குக் கூட்டிப் போகிறார். 1920களை ஒட்டிய காலம். அக்ரகாரத்துப் பெண்ணுக்கு நாடகமேடை என்பது சாதியைவிட்டுத் தள்ளிவைக்கப் போதுமான காரணம். பசியும் மானமும் எதிரெதிரே நின்றபோது அந்தத் தாய் மகளின் பக்கம் நின்றார். எங்கள் பக்கத்தில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசும்போது வாய் திறக்காமல் அடுப்படியில் நிற்கிற தாய்மார்களுக்கு மீனாட்சியின் கதையைச் சொல்ல வேண்டும். அவர்களைக் குறைசொல்ல அல்ல. அவர்களும் ஒரு முடிவு எடுக்கலாம், முன்பே ஒருத்தி எடுத்திருக்கிறாள் என்று காட்டுவதற்காக.

திருச்சியில் சி.எஸ். சாமண்ணாவின் நாடகக் குழுவில், சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவோடு ராஜலட்சுமி சேர்ந்தார். பவளக்கொடி அவருடைய தொடக்க கால நாடகம். சுவாமிகள் மறைந்தது 1922இல். கணக்குப் போட்டால், சாயம் பூசி மேடையேறியபோது அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயதுகூட நிரம்பியிருக்காது. விடியும்வரை விழித்திருந்து, பாட்டை மனப்பாடம் செய்து, கூட்டத்தின் கடைசி வரிசைவரை ஒலிபெருக்கி இல்லாமல் குரலை எட்டவைத்து, அடுத்த நாள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுகிற வேலை அது. குழந்தை உழைப்புதான், அதைக் கொண்டாட முடியாது. ஆனால் குழந்தை மனைவியாக அவள் செய்திருக்கக்கூடிய உழைப்புக்குக் கூலி இல்லை, பெயர் இல்லை, வெளியேறும் வழியும் இல்லை. இதற்குச் சம்பளம் இருந்தது. அந்தச் சம்பளத்தில்தான் ஒரு குடும்பம் எழுந்து நின்றது.

*

அன்றைய மேடையில் பெண் என்றாலே சிக்கல். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். சீதையும் வள்ளியும் தமயந்தியும் மீசை முளைக்காத பையன்களின் உடலில்தான் மேடைக்கு வந்தார்கள். இந்த வழக்கம் செத்துவிடவில்லை. எங்கள் பக்கத்தில் திரௌபதை அம்மன் கோயில் பாரதக் கூத்தில் இன்றும் ஓர் ஆண்தான் கூந்தலை விரித்துப் போட்டுத் துரியோதனனிடம் சபதம் செய்கிறான். அந்தக் கலைஞர்களின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, அவர்களின் வறுமையும் தெரியும். ஆனால் சேலை உரியப்படும் கட்டம் வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்து தேம்பி அழுகிற பெண்களில் ஒருத்திகூட அந்த மேடையில் ஏறி அந்தக் கேள்விகளைத் தன் வாயால் கேட்க முடியாது என்பது எனக்கு உறுத்துகிறது. பாஞ்சாலியின் நியாயத்தைச் சொல்லவும் ஆண்குரல் வேண்டியிருக்கிறது. 1934இல் திரௌபதி வஸ்திராபகரணம் திரைப்படமாக வந்தபோது ராஜலட்சுமி அதில் நடித்தார். திரைக்குள் வந்துவிட்ட பெண்ணுடல், தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகும் எங்கள் கூத்துக்களத்தின் நடுவே வரவில்லை.

‘கூத்தாடி’ என்று ஒரு ஆணைத் திட்டினால் அது அவன் தொழிலைத் திட்டுவது. ஒரு பெண்ணை அப்படித் திட்டினால் அது அவள் ஒழுக்கத்தைத் திட்டுவது. பென்னாகரத்தில் கல்லூரி ஆண்டுவிழாவுக்கு நாடகம் போட மாணவிகளைக் கேட்டுப் பாருங்கள். ‘அப்பா விடமாட்டார்’ என்பார்கள். பாட்டுக்கு ஆடியதைக் கைப்பேசியில் யாரோ பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்பதற்காக மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் வீடுகள் உண்டு. மேடை மாறியிருக்கிறது, கைப்பேசி வந்திருக்கிறது, பார்க்கிற கண்ணின் குணம் மாறவில்லை.

இங்கே இன்னொன்றையும் பேசியாக வேண்டும். ராஜலட்சுமியைப் புகழ்கிற பலர், ‘நல்ல குடும்பத்திலிருந்து நடிக்க வந்த முதல் பெண்’ என்ற தொனியில் எழுதுகிறார்கள். இந்தப் புகழ்ச்சியை நாம் ஏற்கக் கூடாது. அவருக்கு முன்பே மேடையை ஆண்ட பெண்கள் இருந்தார்கள். கும்பகோணம் பாலாமணி பெண்களையே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காகத் தனி ரயில் விட்டார்கள் என்பது நாடக வரலாற்றில் பதிந்திருக்கிறது. அவரும் அவரைப் போன்றவர்களும் தேவதாசி மரபில் வந்தவர்கள். அவர்களுடைய கலையை ரசித்துவிட்டு அவர்களைக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்திய அதே சமூகம்தான், ஒரு பார்ப்பனப் பெண் மேடையேறியதும் ‘முதல்’ என்று எண்ணத் தொடங்கியது. எண்ணுகிறவன் எந்த இடத்தில் நின்று எண்ணுகிறான் என்பதைப் பொறுத்ததுதான் முதலும் இரண்டும். ராஜலட்சுமியின் துணிவை மதிக்க வேண்டும். அதற்காக அவருக்கு முன்னால் நின்ற பெண்களைக் கணக்கிலிருந்து அழிக்க வேண்டியதில்லை. அவர் ஏறிய மேடையின் பலகைகளை முன்பே தேய்த்து வைத்தவர்கள் அவர்கள்.

*

இனி அந்தப் புகழ்பெற்ற 1931. மௌனப் படங்களில் நடித்திருந்த ராஜலட்சுமி, பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்த காளிதாஸில் நாயகியானார். எச்.எம். ரெட்டி இயக்கினார். அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் படம் வெளியானது. அவருக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. நாயகன் தெலுங்கில் பேச, நாயகி தமிழில் பதில் சொன்னார். ஒரு முழுநீளக் கதைப்படத்தில் நாயகி தமிழ் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. புராண காலத்துக் கதைக்குள் காந்தியின் ராட்டையைப் பாராட்டும் தேசியப் பாட்டும் இருந்தது. கதைக்கும் ராட்டைக்கும் தொடர்பில்லை. ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சியில் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பாட்டு எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் படத்தின் கதை என்ன என்று கேள்வித்தாள் கேட்பதில்லை. நாம் கேட்போம். கல்வியில் சிறந்த ஓர் இளவரசி. அமைச்சர் தன் மகனுக்கு அவளைக் கேட்கிறார், அவள் மறுக்கிறாள். மறுத்ததற்குத் தண்டனையாக, படிப்பறிவில்லாத ஒரு மாடு மேய்ப்பவனைப் பெரிய பண்டிதன் என்று சொல்லி ஏமாற்றி அவளுக்குக் கட்டிவைக்கிறார்கள். அவள் காளியிடம் போய் மன்றாடுகிறாள். காளி அருள் கொடுக்கிறாள். யாருக்கு? கணவனுக்கு. அவன் காளிதாசன் ஆகிறான், உலகம் போற்றும் கவிஞன் ஆகிறான். படித்தவள் அவள், ஏமாந்தவள் அவள், வேண்டிக்கொண்டவள் அவள். காவியமும் படத்தின் பெயரும் அவனுக்கு.

ஒரு கல்யாணத்தில் தள்ளிவிடப்பட்டுத் தப்பித்து வந்த இளம்பெண், ஒரு கல்யாணத்தில் ஏமாற்றித் தள்ளப்பட்ட இளவரசியாக நடித்தார். வசனம் பிறர் எழுதியது, முடிவும் பிறர் எழுதியது. அந்த முடிவு அவருக்குப் போதவில்லை என்பதற்குச் சாட்சி, அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் செய்த வேலை.

*

ராஜலட்சுமி ‘கமலவல்லி’ என்றொரு நாவல் எழுதினார். ராஜம் டாக்கீஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். அந்த நாவலை ‘மிஸ் கமலா’ என்ற பெயரில் 1936இல் படமாக எடுத்தார். கதை அவருடையது, பணம் அவருடையது, இயக்கம் அவருடையது, நாயகியும் அவரே. இந்தியாவில் அவருக்கு முன்பு ஃபாத்மா பேகம் பம்பாயில் 1926இல் ஒரு மௌனப் படத்தை இயக்கியிருந்தார். தெற்கே ராஜலட்சுமிக்கு முன்னால் யாரும் இல்லை.

விருப்பம் ஓரிடத்தில் இருக்க, வேறோர் இடத்தில் கட்டிக்கொடுக்கப்படும் பெண்ணைப் பற்றியது அந்தக் கதை. தெய்வங்களும் ராஜாக்களும் திரையை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், புராணத்தை விட்டுவிட்டுத் தன் காலத்துப் பெண்ணின் கல்யாணத்தைப் பேச வேண்டும் என்று ஒரு பெண் முடிவு செய்கிறார். தலைப்பிலேயே ‘மிஸ்’ என்று வைக்கிறார். திருமதி இன்னார் என்றோ இன்னார் மனைவி என்றோ வைக்கவில்லை. அந்தக் காலத்தில் பிறந்த தன் மகளுக்கும் கமலா என்றே பெயரிட்டார். ஒரு பெயரைப் படைத்து, எழுத்தில் வைத்து, திரையில் வைத்து, கடைசியில் பெற்ற பிள்ளைக்கும் வைப்பது சும்மா நடக்கிற காரியம் அல்ல. 1939இல் மதுரை வீரன் கதையையும் அவரே இயக்கினார்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். காளிதாஸை ஏன் எல்லோருக்கும் தெரிகிறது, மிஸ் கமலாவை ஏன் தெரியவில்லை?

படம் கிடைக்கவில்லை, அதனால் பேச முடியவில்லை என்று சிலர் சொல்வார்கள். பார்க்க முடியாத படத்தைப் பற்றி என்ன எழுதுவது என்பார்கள். நியாயம் போலத் தோன்றும். ஆனால் காளிதாஸும் கிடைக்கவில்லை. அதன் ஒரு பிரதியும் இன்று இல்லை. பார்க்கக் கிடைக்காத காளிதாஸைப் பற்றிப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தப் படச்சுருள் பெட்டி சென்னைக்கு வந்து இறங்கியபோது ஊர்வலமாக வரவேற்ற கதைகூட நமக்குத் தெரியும். இரண்டு படங்களும் அழிந்தன. ஒன்று நினைவில் நிற்கிறது, ஒன்று நிற்கவில்லை. அழிந்த சுருளில் இதற்குக் காரணம் இல்லை. ஒன்றில் அவர் முகம் மட்டும் இருந்தது. மற்றதில் அவர் மூளையும் இருந்தது. முகத்தை நினைவில் வைத்துக்கொள்வது நமக்குச் சுலபமாக இருந்தது.

‘கணவர் பின்னால் இருந்திருப்பார்’ என்று இன்னொரு பேச்சு எழும். ராஜலட்சுமி பிறகு தன் விருப்பப்படி சக நடிகர் டி.வி. சுந்தரத்தை மணந்தார். அவர் உதவியிருக்கலாம். உதவியிருந்தால் நல்லது. எந்த ஆண் இயக்குநரின் வாழ்க்கைக் குறிப்பிலாவது ‘மனைவி பின்னால் இருந்து எழுதிக் கொடுத்திருப்பார்’ என்று யாரும் சந்தேகப்பட்டதுண்டா? பெண் ஒரு வேலையைச் செய்தால் உடனே அதற்கு ஓர் ஆண் உரிமையாளரைத் தேடுகிறார்கள். எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவியாகப் பெண் வென்றாலும் அரசாணையை வாங்கிப் படிக்கிறவர் அவர் கணவர்தான் என்று சிரிக்கிறார்கள் அல்லவா, அந்தச் சிரிப்புக்கும் இந்தச் சந்தேகத்துக்கும் ஒரே வேர். அந்தத் தலைவிக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். ராஜலட்சுமி பேனாவைப் பிடித்தே எழுதினார். அவர் எழுதியதிலிருந்து நாம் அவர் கையெழுத்தை அழித்துவிட்டோம்.

*

சொந்தப் படம் எடுத்துப் பணத்தை இழந்தார், கடைசிக் காலத்தில் சிரமப்பட்டார் என்று முடிக்கிறார்கள். 1961இல் மாநில அரசின் கலைமாமணி விருது கிடைத்தது. 1964இல் மறைந்தார். இந்தக் கடைசிப் பத்தியைப் படிக்கும் பெண்பிள்ளை என்ன பாடம் கற்றுக்கொள்கிறாள்? நடித்தோமா, சம்பாதித்தோமா, சேர்த்து வைத்தோமா என்று இருந்திருக்கலாம், எதற்கு இந்த வேண்டாத வேலை என்றுதானே? எம்.கே. தியாகராஜ பாகவதரும் சிறையிலிருந்து வந்த பின் சொந்தப் படம் எடுத்தார். ராஜமுக்தி 1948இல் வந்தது, ஓடவில்லை. பிறகு எடுத்தவையும் அவரைக் கைதூக்கிவிடவில்லை. அவர் கதையை ஒரு மாபெரும் வீழ்ச்சி என்று காவியம்போல் சொல்கிறோம். தோற்றாலும் அவர் ராஜா. பெண் பணம் போட்டு இழந்தால் ஆசைப்பட்டுக் கெட்டாள். சினிமாவில் பணத்தை இழக்காத தயாரிப்பாளரைக் காண்பது அரிது. இழப்பதற்கும் ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமை ஆணுக்குத் தானாக வருகிறது, பெண்ணுக்கு எச்சரிக்கையாக மாறுகிறது.

எச்சரிக்கை வேலை செய்தது. மிஸ் கமலாவுக்குப் பிறகு, பி. பானுமதி 1953இல் சண்டிராணியை மூன்று மொழிகளில் இயக்கும்வரை, தமிழில் நாம் பெயர் சொல்லும்படியான பெண் இயக்குநர் இல்லை. இடையில் பதினேழு ஆண்டுகள். பானுமதிக்குச் சொந்தமாக பரணி ஸ்டுடியோ இருந்தது. அடுத்து சாவித்திரி. 1969இல் குழந்தை உள்ளம், 1971இல் பிராப்தம். அவர் கதையையும் ‘சொந்தப் படம் எடுத்துக் கெட்டார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டோம். இன்று சுதா கொங்கரா, ஹலிதா ஷமீம் என்று பெயர்கள் வருகின்றன, மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ‘பெண் இயக்குநர்’ என்று ஏதோ அதிசயம் நடந்ததுபோல் எழுதுகிறார்கள். 1936ஐ மறக்காமல் இருந்திருந்தால் இது அதிசயமாக இருந்திருக்காது. ஒரு வேலையைப் பெண் செய்ததை மறைத்துவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொருத்தியும் மறுபடியும் முதல் ஆளாகவே நிற்க வேண்டியிருக்கும். முதல் ஆளாக நிற்பதன் தனிமையை நாம் பெருமை என்று தவறாகப் படிக்கிறோம்.

*

ராஜலட்சுமியின் வாழ்க்கையில் எங்கள் மாவட்டம் மிகக் கூர்ந்து படிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கொல்லப்படவிருந்த ஒரு பெண் குழந்தையை அவர் எடுத்து வளர்த்தார். பெயர் வைத்து, ஆளாக்கி, வாழ்க்கை அமைத்துக் கொடுத்தார்.

பெண்சிசுக்கொலை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் உசிலம்பட்டியோடும் சேலத்தோடும் சேர்த்துச் சொல்லப்படும் பெயர் தருமபுரி. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு இங்கே பெண் குழந்தைகள் 826 பேர்தான் இருந்தார்கள். பிறகு எண்ணிக்கை கொஞ்சம் தேறியது. ஆனால் கருவிலேயே பார்த்துச் சொல்லும் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபட்ட செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. நெல்மணியும் எருக்கம்பாலும் போய் ஸ்கேன் கருவி வந்திருக்கிறது.

அரசு தொட்டில் வைத்தது. வேண்டாம் என்றால் இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்றது. உயிர் காக்கும் ஏற்பாடு, குறைசொல்ல மாட்டேன். ஆனால் பெண் பிள்ளை ஏன் வேண்டாதவள் ஆகிறாள் என்று தொட்டிலால் கேட்க முடியாது. அவள் செலவு, அவள் பாரம், அவள் ஒருநாள் வேறு வீட்டுக்குப் போகிறவள் என்ற கணக்குதான் அவளைக் கொல்கிறது. அந்தக் கணக்கையே பொய்யாக்கிக் காட்டியவர் ராஜலட்சுமி. பாரம் என்று தள்ளிவிடப்பட்ட ஒருத்தி குடும்பத்தைத் தாங்கினார், கம்பெனி நடத்தினார், இன்னொரு பாரத்தையும் இறக்கி வைக்கச் சொல்லாமல் தூக்கிக்கொண்டார். பெண் சம்பாதிப்பாள், முடிவெடுப்பாள், தேவைப்பட்டால் ஊரே வேண்டாம் என்றதையும் காப்பாற்றுவாள் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பிரச்சாரச் சுவரொட்டி சொல்லும்?

*

ஆகவே இதைப் படிக்கும் மாணவிகளே, சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, எங்கெல்லாம் ராஜலட்சுமியை ‘முதல் கதாநாயகி’ என்று எழுதியிருக்கிறார்களோ அங்கெல்லாம் ‘தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர், நாவலாசிரியர், தயாரிப்பாளர்’ என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பாடநூல் என்றால் பாடநூல் கழகத்துக்கு எழுதுங்கள். வழிகாட்டி நூல் என்றால் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள், நாம் ஏற்கனவே நூறுபேர் எழுதிவிட்ட நடிகர்களை விட்டுவிட்டு, 1930களின் பத்திரிகைகளில் மிஸ் கமலாவின் விளம்பரத்தையும் விமர்சனத்தையும் தேடுங்கள். சுருள் அழிந்திருக்கலாம், காகிதம் முழுவதும் அழிந்திருக்காது.

இரண்டாவது, மேடையைக் கேளுங்கள். அடுத்த முறை கல்லூரியில் நாடகம் என்றால் ஆண்கள் சேலை கட்டிச் சிரிப்புக் காட்டுவதை நிறுத்திவிட்டு, உங்களை ஏற்றச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பாரதக் கூத்தில் திரௌபதையாக நிற்க ஒரு பெண் கேட்டால் வானம் இடிந்து விழாது. கூத்து வாத்தியார்களிடம் போய்க் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தை எழுதி வையுங்கள். அதுவே ஒரு கட்டுரைக்கு ஆகும்.

மூன்றாவது, உங்கள் வகுப்பில் வருகைப் பதிவேட்டில் காலியாகக் கிடக்கும் கட்டத்துக்கு உரியவளைத் தேடிப் போங்கள். நிச்சயதார்த்தம் நடப்பதற்கு முன்னால் போங்கள். 1098 எண் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். அவள் அம்மாவோடு உட்கார்ந்து பேசுங்கள். திருச்சிக்குப் பேருந்து ஏறத் துணிகிற தாயாக அவர் இருக்கக்கூடும், யாரும் கேட்காததால் வாய்திறக்காமல் இருக்கக்கூடும்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் வட்டத்தைக் கருப்பாக்கி அந்த ஒரு மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வேலை வேண்டும், வருமானம் வேண்டும், ராஜலட்சுமியும் அதற்காகத்தான் திருச்சிக்குப் போனார். வெளியே வந்த பிறகு, அந்தக் கேள்வித்தாள் கேட்காமல் விட்டதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் சொல்லுங்கள்.